பத்து டொலர்ப் பெட்டி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விஸ்கொன்சின் மாநிலத்திலே லேக் ஜெனீவா என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டிலே காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் வகித்த உத்தியோகத்தை இழந்த ஒருவர், அவ்வூரில் தம் வீட்டிலிருந்தே சப்பாத்துத் திருத்திச் சீவனம் நடத்தலானார். அவர் ஐந்து பிள்ளைகளின் தந்தை. பெயர் கேரி கைகாக்ஸ். பகலிலே தோலும் ஆணியுமாகப் பொழுதைக் கழித்த இம்மனிதர், இரவிலே தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து ஒரு விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். அவ்விதிகளின் மூலக்கருத்தை அவருக்கு அளித்தவர் அயல்மாநிலமான மினசோட்டாவிலே வாழ்ந்த டேவ் ஆர்ன்சன் என்பவர். இருவர் உழைப்பும் சேர்ந்து 1974ஆம் ஆண்டிலே ஒரு பெட்டியாக வெளிவந்தது. பெட்டியினுள்ளே சிறிய நூல்கள் மூன்று. மூன்றுக்கும் சேர்த்துப் பக்கம் 112. 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். விலை பத்து டொலர்.

அந்த விலை அக்காலத்தில் பலரைத் திகைக்கவைத்தது. விளையாட்டு என்றால் பலகை வேண்டும், காய் வேண்டும், சீட்டாவது வேண்டும் என்று எண்ணுவது உலக வழக்கம். இப்பெட்டியிலோ பலகையும் இல்லை, காயும் இல்லை. விளையாடுவதற்கு இன்றியமையாத பகடைகள்கூட அதனுள் இருக்கவில்லை. அவற்றைத் தனியே வாங்கவேண்டியிருந்தது. 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் விதித்திருந்த மிகக் குறைந்த கூலி, மணிக்கு 1 டொலர் 60 சதம். ஆகவே அக்கூலி பெற்ற ஓர் இளைஞன் இப்பெட்டியை வாங்குவதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் உழைக்கவேண்டும். திரைப்படக் கொட்டகையில் நுழைவுச்சீட்டு இரண்டு டொலருக்கும் குறைவாக விற்ற காலம் அது.

இனி, அவ்விளையாட்டு எத்தகையது என்பதைச் சொல்லவேண்டும். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவர்களுள் ஒருவர் நடத்துநர். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்கின்றனர்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கைதேர்ந்த திருடர். "பாழடைந்த கோட்டையின் படிக்கட்டிலே நிற்கிறீர்கள், கீழே இருள், ஏதோ உராயும் ஒலி கேட்கிறது, என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று நடத்துநர் வினவுவார். அவரவர் தம் பாத்திரத்தின் செயலைக் கூறுவர். அச்செயல் நிறைவேறுமா, தவறுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். மூன்று நான்கு மணி நேரம் இவ்வாறு கழியும். கதை முடியாதாயின் அடுத்த வாரம் தொடரும். ஒரே கதையைப் பத்தாண்டு நடத்தியவர்களும் உளர். வென்றவர், தோற்றவர் என்ற கணக்கு இதில் இல்லை. நாடகம், கதாப்பிரசங்கம், தாயம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழைத்தால் கிடைப்பது என ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம்.

அங்ஙனமாயின், பத்து டொலர் எதற்காகக் கொடுக்கப்பட்டது? தாளுக்காக அன்று, விதிகளுக்காக. அவ்விதிகளை அச்சிடுவதற்கான முதலைத் திரட்டுவதே பெரும்பாடாயிற்று. வசதி படைத்த வெளியீட்டாளர் எவரும் முன்வராமையால், கைகாக்ஸும் அவருடைய இளமைக்காலத் தோழரான டொன் கே என்பவரும் 1973ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே தாமே ஒரு கம்பெனியைத் தொடங்கினர். டொன் கே தம் ஆயுட்காப்புறுதியின்மேல் ஆயிரம் டொலர் கடன் பெற்றார். அதுவும் போதாதாயிற்று. பின்னர்ப் பிறையன் புளூம் என்னும் மூன்றாமவர் இரண்டாயிரம் டொலருடன் பங்காளியாகச் சேர்ந்தபின்னரே அச்சகத்தின் கதவு திறந்தது. முதற் பதிப்பு ஆயிரம் பிரதி. நூல்களைப் பெட்டிகளில் அடுக்கி, முகப்பை ஒட்டி, அஞ்சலில் அனுப்பும் வேலை முழுவதும் வீட்டிலேயே கையால் நடைபெற்றது. ஆயிரம் பெட்டியும் விற்றுத்தீர ஏறத்தாழ ஓராண்டு சென்றது. டொன் கே அதன் பயனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. 1975ஆம் ஆண்டு ஜனவரியில், நாற்பது வயதை எட்டுமுன்னரே, அவர் காலமானார்.

ஆயினும் பெட்டியின் விலை வேறொரு விளைவையும் உண்டாக்கிற்று. பல்கலைக்கழக மாணவர் பலர் நூலை வாங்காது, வாங்கிய ஒருவரிடமிருந்து பெற்று, பிரதியெடுக்கும் இயந்திரத்திற் கொடுத்துப் படியெடுத்துக்கொண்டனர். பதிப்புரிமை நோக்கில் இது குற்றமே. எனினும் இவ்விளையாட்டு அமெரிக்கக் கல்லூரி விடுதிகள்தோறும் அத்துணை விரைவிற் பரவியதற்கு இத்திருட்டுப் பிரதிகளும் ஒரு காரணம் என்பதை மறுத்தல் இயலாது.

வேறு சிலர் வேறொரு வழியை நாடினர். அரிசோனா மாநிலத்திலே கென் செயின்ற் அன்ட்ரே என்பவர் அப்பெட்டியிலிருந்த விதிகளைப் படித்துப் பார்த்தார். கருத்து அவருக்குப் பிடித்தது, விதிகள் பிடிக்கவில்லை. கடையிற் கிடையாத பல முகப் பகடைகளைத் தேடித் திரிவானேன் என்று எண்ணி, எந்த வீட்டிலும் கிடக்கும் சாதாரண ஆறுமுகப் பகடையை மட்டுமே கொண்டு ஆடத்தக்கதாக 'டனல்ஸ் அன்ட் ட்ரோல்ஸ்' என்னும் விளையாட்டை 1975ஆம் ஆண்டில் ஆக்கினார். இவ்வகையிலே தோன்றிய இரண்டாவது விளையாட்டு நூல் அதுவே எனலாம். ஏழைக்கு ஏற்ற வடிவம் ஒன்று மூலநூல் வெளிவந்த மறு ஆண்டிலேயே பிறந்துவிட்டமை கவனிக்கத்தக்கது.

பகடையின் கதை சற்று விரித்துச் சொல்லத்தக்கது. நம்மவர் அறிந்த தாயக்கட்டைக்கு முகம் நான்கு; சூதாட்டப் பகடைக்கு ஆறு. இவ்விளையாட்டுக்கோ நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது என ஐவகை முகங்களுள்ள பகடைகள் தேவைப்பட்டன. எல்லா முகமும் ஒத்த வடிவும், எல்லா மூலையும் ஒத்த அமைப்பும் உடைய திண்மங்கள் ஐந்தே உள என்பதைப் பண்டைக் கிரேக்க அறிஞரே கண்டனர். பிளேட்டோவின் பெயரால் வழங்கும் அத்திண்மங்களே இப்பகடைகளின் வடிவங்கள். இவற்றைக் கைகாக்ஸ் கண்டெடுத்த இடம் விளையாட்டுக் கடையன்று. பாடசாலைகளுக்குக் கணித உபகரணம் விற்கும் ஒரு கம்பெனியின் விலைப்பட்டியல். மாணவருக்குக் கேத்திரகணிதம் கற்பிக்க ஆக்கப்பட்ட பொருளை மொத்தமாக வாங்கி, அவருடைய கம்பெனி சில்லறையாக விற்றது. பத்து முகமுள்ள பகடை 1980ஆம் ஆண்டளவிலேதான் வழக்கிற்கு வந்தது. அதற்குமுன் இருபது முகப் பகடையிலே பூச்சியம் முதல் ஒன்பது வரையான எண்களை இருமுறை பொறித்துச் சமாளித்தனர்.

அப்பழைய பகடைகள் மென்மையான பிளாஸ்ரிக்கினால் ஆனவை. சில மாதங்கள் உருட்டியதும் மூலைகள் தேய்ந்து, இருபது முகப் பகடை ஒரு கோலிக்குண்டைப் போலாகிவிடும். எந்த முகத்தில் நிற்கிறது என்று சொல்வதே கடினம். 1977ஆம் ஆண்டிலே தொடக்கநிலையினருக்கென ஒரு பெட்டி வெளியிட்டபோது, அதனுள் பகடைகளையும் வைத்தனர். விற்பனை பெருகவே, 1979இல் பகடைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கம்பெனி செய்த உபாயம் சுவையானது. எண் அச்சிட்ட கடதாசி அட்டைத் தாள் ஒன்றைப் பெட்டியில் வைத்து, அதனைச் சிறு சீட்டுகளாக வெட்டி, கோப்பைகளில் இட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும்படி எழுதிற்று. பின்னர்ப் பகடை வாங்குவதற்கு ஒரு கூப்பனும் உடன் வைத்தது. எடுத்த சீட்டை மீண்டும் கோப்பையிலிட்டுக் குலுக்கினால், இருபது சீட்டும் இருபது முகப் பகடையும் கணிதத்தில் ஒன்றே. எந்த எண்ணும் வருவதற்குரிய வாய்ப்பு இருபதில் ஒன்று. எனினும் சீட்டெடுத்து ஆடியவர்கள் பகடைக்காக ஏங்கினார்கள். மேசையிலே உருண்டு, தயங்கி, நிற்கும் பொருளில் உள்ள பரபரப்பைக் கணிதம் கணக்கிடுவதில்லை.

1980களின் முற்பகுதியில் வந்த பெட்டிகளிலே பகடைகளோடு ஒரு மெழுகு வண்ணக் குச்சியும் இருந்தது. பிள்ளைகள் சித்திரம் தீட்டுவதற்கென்று அதனைப் பெற்றோர் எண்ணியிருக்கக்கூடும். உண்மையிலே, பகடையிற் பொறித்த எண்களுக்கு வண்ணம் ஊட்டும் செலவைத் தொழிற்சாலை மிச்சப்படுத்தியிருந்தது. வாங்கியவரே குச்சியை முகத்தின்மேல் தேய்த்து, எஞ்சிய மெழுகைத் துடைத்துவிட்டு, எண்ணைத் தெளிவாக்கிக்கொள்ளவேண்டும்.

இன்று நிலைமை தலைகீழ். ஏழு பகடைகள் கொண்ட பிளாஸ்ரிக் தொகுதியை அமெரிக்காவிலே சில டொலருக்கு வாங்கலாம். உலோகத்தாலும் மணிக்கல்லாலும் ஆனவை நூறு டொலரைத் தாண்டுதலும் உண்டு. விலை உயர்ந்தது நேர்மையானது என்று கொள்ளல் தவறு. மலிவான பகடைகளை மெருகூட்டுவதற்காகச் சுழலும் உருளையில் இட்டுத் தேய்க்கின்றனர். அப்போது மூலைகள் சீரின்றி மழுங்கும் என்றும், அதனால் சில எண்கள் மிகுதியாக விழும் என்றும் லூ சொக்கி என்னும் பகடை உற்பத்தியாளர் பல்லாண்டு வாதித்து, கூர்மூலை கெடாத பகடைகளை விற்றார். ஐயமுள்ளவர் வீட்டிலேயே சோதிக்கலாம். உப்பை நிறையக் கரைத்த நீரிலே பகடையை மிதக்கவிட்டு, விரலாற் பலமுறை சுண்டிப் பார்க்கவேண்டும். ஒரே முகம் திரும்பத் திரும்ப மேலே வருமாயின், அதனுள்ளே குமிழியோ பாரக்கேடோ உண்டு. அத்தகைய பகடையே தம் ராசியான பகடை என்று போற்றுவோரும் உளர்; அது வேறு விஷயம்.

துணைப்பொருள்களுள் மிகுந்த பணத்தை விழுங்குவன சிற்றுருவப் பொம்மைகள். வீரரையும் பூதங்களையும் ஓரங்குல உயரத்தில் வார்த்து, வண்ணம் தீட்டி, மேசையில் நிறுத்துவர். ஆதியில் இவை ஈயக் கலவையால் ஆனவை. 1990களின் தொடக்கத்திலே ஈயத்தின் நச்சுத்தன்மை குறித்து அமெரிக்காவில் அச்சம் எழவே, உற்பத்தியாளர் பலர் வெள்ளீயம் மிகுந்த கலவைக்கு மாறினர். வெள்ளீயம் ஈயத்தைவிடப் பலமடங்கு விலையுள்ளது. பொம்மையின் விலையும் ஏறிற்று. ஆனால் 1974ஆம் ஆண்டின் மூலநூலே பொம்மைகள் இருந்தால் அழகு, இல்லாவிடினும் ஆடலாம் என்று கூறியிருந்தது. கைகாக்ஸ் தாம் ஆடியபோது, ஹொங்கொங்கிற் செய்யப்பட்டுச் சில்லறைக் கடையிலே பைக்கணக்கில் விற்கப்பட்ட பிளாஸ்ரிக் மிருகங்களைப் பயன்படுத்தினார். எந்த மிருகம் என்றே விளங்காத அவலட்சணமான உருவங்கள் அவை. அவற்றுள் ஒன்று, இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூதமாயிற்று. இன்னொன்று, ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட விலங்காயிற்று. சில சதம் பெறுமதியான அப்பொம்மைகளிலிருந்து பிறந்த பூதங்களை இன்று கெட்டி அட்டைப் புத்தகத்திலே வண்ணப்படத்துடன் ஐம்பது டொலருக்கு வாங்குகின்றனர்.

இந்த ஐம்பது டொலரே இன்றைய வழக்கின் மையம். 1978ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆடுவோர் கைநூல்' 128 பக்கம், கறுப்பு வெள்ளைச் சித்திரம்; விலை 9 டொலர் 95 சதம். 2024ஆம் ஆண்டில் வெளிவந்த அதே பெயருடைய நூல் 384 பக்கம், பக்கந்தோறும் வண்ணம். விலை 49 டொலர் 99 சதம். ஐந்து மடங்கு ஏற்றம் என்று வாங்குவோர் முறையிடுகின்றனர். பணத்தின் பெறுமதி வீழ்ந்தமையைக் கணக்கிட்டால், 1978ஆம் ஆண்டின் அத்தொகை 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 48 டொலருக்குச் சமம். ஆகவே விலை அநேகமாக அசையவில்லை, பக்கமோ மும்மடங்கு என்று வெளியீட்டாளர் பக்கத்தினர் விடை கூறுகின்றனர்.

இரு சாராரும் உண்மையே பேசுகின்றனர். ஆயினும் இன்னுமோர் அளவுகோல் உண்டு. 1978இல் மிகக் குறைந்த கூலி மணிக்கு 2 டொலர் 65 சதம். கைநூலுக்காக நாலு மணிக்குச் சற்றுக் குறைவாக உழைத்தாற் போதும். 2024இல் கூட்டாட்சிச் சட்டப்படியான கூலி, 2009ஆம் ஆண்டு முதல் மாறாது நின்ற 7 டொலர் 25 சதமே. அவ்விளையாட்டு பிறந்த விஸ்கொன்சின் மாநிலத்திலும் அதுவே கூலி. அங்கே கடைநிலை வேலை செய்யும் இளைஞன் அதே பெயருடைய நூலுக்கு ஏழு மணி நேரம் உழைக்கவேண்டும். பொருள்களின் விலையோடு ஒப்பிட நூல் பழைய விலையிலேயே நிற்கிறது. ஏழைச் சிறுவனின் உழைப்போடு ஒப்பிட ஏறக்குறைய இருமடங்காகிவிட்டது. 'மலிவு' என்போரும் 'கொள்ளை' என்போரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமைக்குக் காரணம் இதுவே போலும்.

வாங்குவோர் கொடுக்கும் ஐம்பது டொலரும் வெளியீட்டாளரைச் சேர்வதில்லை. கடைக்காரரின் கழிவும் மொத்த வியாபாரியின் கழிவும் போக, முகவிலையில் ஏறத்தாழ நாற்பது வீதமே அவர் கைக்கு எட்டும். அதிலிருந்தே எழுத்தாளர், ஓவியர், பரிசோதகர், அச்சகம், கப்பற்கூலி அனைத்துக்கும் கொடுக்கவேண்டும். இக்கணக்கிற் பிசகினால் விளைவது யாது என்பதற்குக் கைகாக்ஸ் தொடங்கிய கம்பெனியே சான்று. அவர் அதனை விட்டு நீங்கிய பல ஆண்டுகளுக்குப் பின், 1990களில், அது ஒன்றோடொன்று போட்டியிடும் கற்பனை உலகங்கள் பலவற்றை நூலாக்கி, கடதாசிப் படங்களும் அட்டைகளும் திணித்த ஆடம்பரப் பெட்டிகளாக விற்றது. அவற்றுட் சில, விற்ற விலைக்கும் மேலாக ஆக்கச் செலவு கொண்டவை எனப் பின்னர்க் கணக்குகளை ஆராய்ந்தோர் எழுதினர். புத்தகக் கடைகள் விற்காதவற்றைத் திருப்பியனுப்பின. 1997ஆம் ஆண்டிலே கம்பெனி கடனில் மூழ்கி, விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட் என்னும் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. புதியவர்கள் 2000ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்பின் கைநூலை வெறும் 19 டொலர் 95 சதத்துக்கு வெளியிட்டு, விலகிப்போனவர்களை மீண்டும் அழைத்தனர். வந்து சேர்ந்தபின் விலை ஏறியது. 2003ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு 29 டொலர் 95 சதம்.

மேசையைச் சுற்றி அமர்வோர் எல்லோரும் இச்செலவைச் சமமாகச் சுமப்பதில்லை. ஏனையோர் ஒரு கைநூலைப் பகிர்ந்து படிப்பர். சிலர் ஒன்றுமே வாங்கார். நடத்துநரோ கைநூலும், நடத்துநர் வழிகாட்டியும், பூதங்களின் தொகுப்புமாக மூன்று நூல் வாங்குவார். இன்றைய விலையில் 150 டொலர். கதையை ஆயத்தம் செய்ய அவர் செலவிடும் இரவுகள் வேறு.

ஆனால் அந்நூல்கள் எத்துணை காலம் பயன்படுகின்றன என்பதையும் நோக்கவேண்டும். அறுவர் கொண்ட ஒரு குழு, வாரம் ஒருநாள் நான்கு மணி நேரமாக ஆண்டில் ஐம்பது வாரம் ஆடினால் இருநூறு மணி நேரம். ஐம்பது டொலர் நூல் ஒன்று அவர்களுக்கு மணிக்கு இருபத்தைந்து சதமாகிறது. ஆளுக்குப் பங்கிட்டால் நான்கு சதம். வேறெந்தக் கேளிக்கையும் இதனோடு போட்டியிடமுடியாது. விற்பனையாளர் அடிக்கடி எடுத்துக்காட்டும் கணக்கு இது. அவர்கள் சொல்லாமல் விடுவது, குழு கூடாவிட்டால் இக்கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும் என்பதை. வேலை, விவாகம், பிள்ளைகள், ஊர்மாற்றம் எனக் குழுக்கள் கலைகின்றன. அலமாரியில் நூற்றுக்கணக்கான டொலர் பெறுமதியான நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு, ஆடுவதற்கு ஆளின்றி இருப்போர் அந்நாட்டிலே மிகப் பலர். அவர்கள் அவற்றைக் கதைநூல் போலப் படித்து இன்புறுவதையும் பயனற்றது எனத் தள்ளிவிடலாகாது.

நூலே வாங்காமல் ஆடவும் வழி உண்டு. 2000ஆம் ஆண்டிலே வெளியீட்டாளர் தம் விதிகளின் பெரும்பகுதியைப் பிறரும் கையாள உரிமம் அளித்தனர். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வுரிமத்தை மாற்ற முயன்றபோது, ஆடுவோரிடமிருந்தும் சிறு வெளியீட்டாளரிடமிருந்தும் பெருங்கூக்குரல் எழுந்தது. அம்மாதம் முடியுமுன்னரே வெளியீட்டாளர் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் பொது உரிமத்தில் விடுத்தனர். இன்று பென்சிலும் தாளும் இருந்தாற் போதும். இதற்கு நேர்மாறாக, மின்வடிவில் விற்கப்படும் நூல்கள் உண்டு. அச்சுநூல் வைத்திருப்பவரும் அவற்றுக்கு வேறாகப் பணம் கட்டவேண்டும். அச்சுநூலைப் படித்தபின் பாதிவிலைக்கு விற்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். மின்நூலை விற்க இயலாது. பழைய அச்சுநூலின் விலை ஏறுதலும் உண்டு. 1974ஆம் ஆண்டின் முதற்பதிப்புப் பெட்டிகளைச் சேகரிப்போர் இன்று ஆயிரக்கணக்கான டொலருக்கு வாங்குகின்றனர். அவற்றை எவரும் மேசையில் விரித்து ஆடுவதில்லை.

அதே விஸ்கொன்சின் மாநிலத்தில் வோபன் என்னும் ஊரிலே ஒரு சிறைச்சாலை உண்டு. ஆயுட்தண்டனை பெற்ற கைதி ஒருவர் அங்கே இவ்விளையாட்டுக்கென ஒரு கற்பனை உலகத்தைத் தம் கைப்பட எழுதிவந்தார். கையெழுத்துப்படி 96 பக்கம்வரை வளர்ந்திருந்தது. 2004ஆம் ஆண்டிலே சிறையதிகாரிகள் அவருடைய விளையாட்டு நூல்களோடு அதனையும் பறிமுதல் செய்து, விளையாட்டையும் தடைசெய்தனர். ஒருவர் நடத்த ஏனையோர் பின்பற்றும் அமைப்பு, சிறையிலே குற்றக் குழுக்களை வளர்க்கும் என்பது அவர்கள் கூறிய நியாயம். கைதி வழக்குத் தொடுத்தார். அத்தகைய குழு எதுவும் இவ்விளையாட்டால் உருவானதைத் தாம் கண்டதில்லை என்று சக கைதிகள் பலர் சத்தியக்கடதாசி அளித்தனர். 2010ஆம் ஆண்டு ஜனவரியில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், தடை செல்லும் என்று தீர்த்தது.

விளையாட்டை அனுமதிக்கும் சிறைகளிலும், சூதாட்டம் கருதிப் பகடையைத் தடுப்பது உண்டு. அங்கே ஆடுவோர் கடதாசி அட்டையிலே வட்டம் வரைந்து, இருபது பிரிவாக்கி, நடுவிலே பென்சிலை ஊன்றி ஒரு கம்பியைச் சுழற்றுகின்றனர். அதற்கும் தடை வந்தால், 1979ஆம் ஆண்டுப் பெட்டியிற் சொல்லியவாறே, எண் எழுதிய சீட்டுகளை ஒரு கோப்பையிலிட்டுக் குலுக்கி எடுக்கின்றனர்.